ஸ்டேட்டிக்: நிலைமின்னூட்டம்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். வாளையார், கஞ்சிக்கோடு பக்கத் தொழிற்சாலைகளில் 'ஸ்டேட்டிக் அடிக்குது' என்ற பேச்சு அப்போதுதான் அதிகம். பாலிதீன் சுருள் வேகமாகப் பிரியும் இடத்தில் கையை நீட்டினால் முடி சிலிர்த்து நிற்கும். அப்புறம் இரும்பு மேசையைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கும்.

'ஸ்டேட்டிக்' கிரேக்க வேர் கொண்ட சொல், நின்றிருப்பதைக் குறிக்கும். 'எலெக்ட்ரிக்' என்பதும் அங்கிருந்துதான். அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினுக்குக் கிரேக்கர் வைத்த பெயர் எலெக்ட்ரான். தேய்த்த அம்பர் துரும்பை இழுக்கும் என்பதால், 1600இல் வில்லியம் கில்பர்ட் தம் லத்தீன் நூலில் அந்தப் பெயரிலிருந்தே சொல்லை உருவாக்கினார். ஆக, கம்பியில் ஓடும் கரண்டுக்கு முன்பே பெயர் பெற்றது இதுதான்.

மலையாளத்தில் 'ஸ்திதவைத்யுதி'. தமிழில் 'நிலைமின்சாரம்' என்கிறோம். பாடநூலில் துறையின் பெயர் 'நிலைமின்னியல்'. ஆனால் வேலையிடத்துக்கு 'நிலைமின்னூட்டம்' என்பதே பொருத்தம் என்பேன். மின்சாரம் என்றதும் ஒயரையும் சுவிட்சையும் தேடுவோம். 'மெயினை ஆஃப் பண்ணியாச்சே' என்று நிம்மதியாகிவிடுவோம். இது உடம்பிலும் டிரம்மிலும் ஏறி நிற்பது. மெயினை அணைத்தாலும் இறங்காது.

நமக்குச் சுள்ளென்று உறைக்கவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். மின்னணுச் சில்லுகளில் சில, 100 வோல்ட்டுக்குள்ளேயே பழுதாகிவிடும். தின்னர் ஆவி பற்றிக்கொள்ள விரல் நுனியில் தெறிக்கும் பொறியே போதும். அதனால் டிரம்மிலிருந்து தின்னரைக் கேனில் ஊற்றுமுன் டிரம்மையும் உலோகக் கேனையும் கம்பியால் இணைத்து எர்த் கொடுக்க வேண்டும். கம்பி முனையிலுள்ள கிளிப்பின் பல் பெயிண்டைத் துளைத்து இரும்பைக் கடிக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பெயிண்ட் மேல் மாட்டிய கிளிப் வெறும் அலங்காரம்தான். சில்லு வேலையில் கட்டும் மணிக்கட்டுப் பட்டையில் 10 லட்சம் ஓம் மின்தடை இருக்கும். மின்னூட்டம் மெல்ல இறங்கும். தவறிப்போய் லைன் கரண்டைத் தொட்டாலும் உடம்பு வழியே பெரிதாகப் பாயாது. அந்தப் பட்டைக்குப் பதில் வெறும் கம்பியைக் கட்டிக்கொள்வது ஆபத்து.

பிளாஸ்டிக்கில் எர்த் கம்பி பயன்படாது. மின்னூட்டம் அதன் வழியே நகராது. அங்கே அயனியூட்டிய காற்றை, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள் கலந்த காற்றை, ஊத வேண்டும், அறையின் ஈரப்பதத்தையும் கூட்டலாம்.

'எர்த்' என்பதற்குப் 'புவித்தொடுப்பு' என்ற நல்ல சொல் உண்டு. ஆனாலும் எச்சரிக்கைப் பலகையில் எல்லோருக்கும் தெரிந்த எர்த் இருக்கட்டும்: 'நிலைமின்னூட்டம்: எர்த் கிளிப் மாட்டாமல் டிரம்மைத் திறக்காதீர்'. மலையாளத்திலும் இந்தியிலும் அதையே கீழே எழுதிவிடலாம்.