விதையுண்ணிக் குளவி: சொல் விளக்கம்

வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வளரும் டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரத்தின் விதைக்குள்ளேயே பிறந்து வளரும் சிறு குளவிக்கு, மெகாஸ்டிக்மஸ் ஸ்பெர்மோட்ரோஃபஸ் என்பது அறிவியல் பெயர். அதற்குத் தமிழில் 'விதையுண்ணிக் குளவி' என்ற பெயரே ஏன் தகும் என்பதை இங்குக் காண்போம். 1820-இல் பூச்சியியலாளர் டால்மன் இட்ட பேரினப் பெயர், முன்சிறகின் விளிம்பில் தடித்துத் தெரியும் புள்ளியைக் குறிக்கிறது. கிரேக்கத்தில் 'மெகா' என்றால் பெரிய, 'ஸ்டிக்மா' என்றால் புள்ளி. 1893-இல் பூச்சியியலாளர் வாக்ட்ல் சூட்டிய இனப்பெயரில் 'ஸ்பெர்மா' வித்தையும் 'ட்ரோஃபே' ஊட்டத்தையும் குறிக்கும்.

ஆங்கிலத்தில் இது சேர்ந்த குளவி வகையைச் சுட்டும் 'கால்சிட்' என்ற சொல், செம்பைக் குறிக்கும் 'கால்கோஸ்' என்பதிலிருந்து வந்தது. உறவுப் பூச்சிகள் பலவற்றுக்கு உலோகப் பளபளப்பு உண்டு. இதுவோ மஞ்சள் நிறம் கொண்டது. ஆகவே 'செப்புக் குளவி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பிழையாகும். 'விதைத்துளைப்பான்' என்பதும் முழுதும் பொருந்தாது. ஏனெனில் இப்பூச்சி விதையைத் துளைத்து வெளியேறுமே அன்றித் துளைத்து நுழைவதில்லை.

வசந்தத்தில், மரத்தின் விதைகளைச் செதில்களுக்கிடையே தாங்கும் இளங்கூம்பின் மேல் நின்று, நீண்டு வளைந்த முட்டையிடும் ஊசியைச் செதிலின் ஊடாகச் செலுத்தி, தாய்க்குளவி, பின்னர் விதையாகும் சூலுக்குள் முட்டையை வைக்கிறது. ஒரு விதையில் ஒரு புழு மட்டுமே முழுமையாக வளரும். மகரந்தச் சேர்க்கை பெறாத சூல் வழக்கமாக வாடிவிடும். ஆனால் குளவியின் முட்டை உள்ளே இருந்தால், கருவே இல்லாதபோதும், கருவுக்கென அமைந்த ஊட்டத்திசு சிதையாமல் உணவைச் சேர்த்துக்கொண்டே போகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. 'ட்ரோஃபே' என்ற பெயர் எவ்வளவு பொருத்தமானது என்று வியக்கத்தான் வேண்டும்! உள்ளே இருப்பதை முழுதும் தின்று தீர்த்த புழு, உதிர்ந்த விதையின் ஓட்டுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, பின் குளவியாக வட்டத்துளை போட்டு வெளிவருகிறது. சில புழுக்கள் மேலும் ஓராண்டோ அதற்கு மேலோ உறங்கும். அதுவரை விதையின் மேற்புறத்தில் எந்த அடையாளமும் தெரியாது, எக்ஸ்ரே படத்தில்தான் புழு தென்படும். விதை வணிகத்தோடு இது ஐரோப்பாவுக்குச் சென்று சேர்ந்ததும் இவ்வாறே.

'ஒட்டுண்ணிக் குளவி' என்றால் பிற பூச்சிகளின் உடலில் வளரும் குளவிகளோடு குழம்பும். 'விதைக்குளவி' சுருக்கமானது என்றாலும், விதைக்கும் குளவிக்கும் உள்ள உறவை அது சொல்வதில்லை. 'உண்' என்னும் வினையடியிலிருந்து பிறந்து, ஊனுண்ணி, தாவரவுண்ணி என வழங்கும் 'உண்ணி'யே இங்குத் தகும். மாட்டுண்ணி நினைவுக்கு வருமே என்ற ஐயத்தைக் 'குளவி' என்ற சொல் போக்கிவிடும். விதையுண்ணியாகிய குளவி என விரியும் இருபெயரொட்டுப் பண்புத்தொகை ஆதலால், ககர ஒற்று மிகுந்து 'விதையுண்ணிக் குளவி' என்று எழுதப்பட வேண்டும்.