ஜன்னல் இருக்கை: எந்தப் பக்கம், எந்த வரிசை?

பந்திங்கிலிருந்து கிளம்பி கே.எல்.ஐ.ஏ.வில் (கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில்) விமானம் ஏறுகிறவர், ஜன்னல் இருக்கைக்கென்று தனியாக வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருப்பார். உட்கார்ந்து பார்த்தால் பக்கத்தில் வெறும் சுவர். காரணம் எளிது. ஏர்பஸ் ஏ320 விமானத்தின் உடற்கூட்டு விலா வளையங்கள் சுமார் 53 செ.மீ. இடைவெளியில் நிற்கின்றன, ஜன்னல்கள் அவற்றுக்கு நடுவில்தான் வரமுடியும். இருக்கை வரிசைகளோ 71 முதல் 76 செ.மீ. இடைவெளியில் போடப்படுகின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறைதான் ஜன்னல் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். போயிங் 737-800இல் இன்னொரு சங்கடம்: இறக்கைக்குச் சற்று முன்னால் குளிர்காற்றுக் குழாய் சுவருக்குள் மேலேறுவதால், அந்த இடத்தில் ஜன்னலே கிடையாது. பெரும்பாலும் 10, 11ஆம் வரிசைகளில் இந்த ஏமாற்றம் நேரும்.

30 வரிசை விமானத்தில் ஏறக்குறைய 10 முதல் 20 வரை இறக்கை மறைக்கும். பின்னால் போனால் நிலம் தெரியும். ஆனால் என்ஜினின் சூட்டுக் காற்று குறுக்கே ஓடுவதால் காட்சி கானல்போல் நெளியும். காசு கொடுப்பதென்றால் முதல் ஏழு வரிசைக்குக் கொடுக்கலாம்.

அடுத்து பக்கம். ஏ இடது, எஃப் வலது. கே.எல்.ஐ.ஏ. ஓடுபாதைகள் வடமேற்கு – தென்கிழக்காகக் கிடக்கின்றன. வடக்கு நோக்கி எழும்பினால் லங்காட் ஆறும் கேரித் தீவும் மலாக்கா நீரிணையும் இடப்பக்கம். தெற்கு நோக்கி எழும்பினால் வலப்பக்கம். அன்றைய காற்றுதான் அதை முடிவு செய்கிறது, முன்பதிவு செய்யும்போது தெரியாது. எழும்பிய முதல் சில நிமிடங்களில் செம்பனைத் தோட்டத்தைக் கவனியுங்கள். 9 மீட்டர் முக்கோணத்தில் நட்ட மரங்கள் ஆதலால், விமானம் நகர நகர மூன்று திசைகளில் வரிசைகள் மாறி மாறித் திறந்து மூடும். மறுநடவு செய்த பகுதி செம்மண் கட்டமாகத் தனியே தெரியும்.

நேர் கீழே உள்ளது ஜன்னலில் தெரியாது. பாதையிலிருந்து விலகியிருப்பதுதான் தெரியும். பினாங்குக்குப் போகையில் இடது பக்கம் கரையும் கடலும், வலது பக்கம் தித்திவங்சா மலை. காலைப் பயணத்தில் இடது நல்லது: வெயில் கிழக்கிலிருந்து கடல்மேல் விழும், உங்கள் கண்ணாடியில் விழாது. கண்ணாடியில் வெயில் பட்டால் அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் வெளுத்துக் காட்சியை அழித்துவிடும். மாலையில் மலைப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள், மேகம் விட்டுவைத்தால்! மதியத்துக்குமேல் மலைமீது இடிமேகம் கட்டுவது இங்கே வழக்கம்.

‘வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்’ என்ற வெளிநாட்டு யோசனை நமக்கு உதவாது. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வெறும் 3 பாகை வடக்கே. மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் அடிக்கும். எனவே மதியம் சென்னைக்குப் புறப்பட்டால், ஜூனில் வலது பக்கம் கூசும்; டிசம்பரில் இடது. ஆனாலும் சென்னையில் கடற்பக்கமிருந்து நேராக இறங்கும் நாளில் மெரினா வலப்பக்கம்தான் வரும். அதற்காகக் கொஞ்சம் கூச்சத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்.

படம் எடுக்கும்போது கைப்பேசியைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள், அதிர்வு ஏறிவிடும். ஒரு விரல் இடைவெளி விட்டு, கறுப்புத் துணியால் சுற்றி மறைத்தால் பிரதிபலிப்பு போகும். ஜன்னலின் அடுக்குக் கண்ணாடிகளில் நடுக்கண்ணாடியின் அடியிலுள்ள சிறு துளையைச் சுற்றிப் பனிப்பூ படரும். அதற்கு மேலே குறிவையுங்கள்.