மூன்றாம் நாளில் கொட்டிவிடாதீர்கள்

"மேடம், நேற்று பாட்டில் வாய் வரை பொங்கியது. இன்று அசைவே இல்லை. ஈஸ்ட் செத்துவிட்டதா?" நான் நடத்தும் சவர்டோ ரொட்டி வகுப்பு முடிந்து மூன்றாம் நாள் யாராவது ஒருவர் இப்படித் தொலைபேசியில் கேட்டுவிடுவார். சவர்டோ என்பது கடை ஈஸ்ட் சேர்க்காமல், மாவையும் தண்ணீரையும் பாட்டிலில் தானாகப் புளிக்கவைத்து, அந்தப் புளித்த கலவையால் உப்பவைக்கும் ரொட்டி. சிலர் கேட்பதற்கு முன்பே தொட்டியில் கொட்டியிருப்பார்கள். நானும் தொடக்கத்தில் இரண்டு முறை கொட்டியவள்தான்.

நேற்றுப் பொங்கியதற்கும் ஈஸ்டுக்கும் பெரும்பாலும் தொடர்பே இல்லை. அது லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியா விட்ட வாயு. நம் இட்லி மாவை ராத்திரியில் உப்பவைப்பதில் பெரும்பங்கு இதே இனத்துக்குத்தான். இட்லிக்கு அந்தப் பொங்குதல் போதும். சவர்டோ ரொட்டிக்குப் போதாது. புளிப்பு ஏறினால் லியூகோனாஸ்டாக் அடங்கிவிடும். புளிப்பைத் தாங்கும் வேறு பாக்டீரியாக்களும், கோதுமைத் தவிட்டோடு வந்த காட்டு ஈஸ்டும் அதன்பிறகே மெல்லத் தலையெடுக்கும். இடையில் இரண்டு மூன்று நாள் பாட்டில் ஊமையாகக் கிடக்கும். அழுக்குக் காலுறை போல நாறவும் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலவையைத் தொடங்க, மில்லில் அரைத்த முழுக் கோதுமை மாவு 50 கிராம், தண்ணீர் 50 கிராம். தவிடு நீக்கிய மைதாவில் தொடங்கினால் தாமதமாகும். தினமும் 50 கிராம் கலவையை வைத்துக்கொண்டு, மீதியை எடுத்துவிட்டு, அதே அளவு மாவும் தண்ணீரும் சேருங்கள். சென்னை வெயிலில் ஐந்தாம் நாளிலிருந்து காலை, மாலை இருவேளையும் இந்தத் தீனி தேவைப்படும். மூடியை இறுக்காதீர்கள், வாயு சேர்ந்து கண்ணாடி வெடிக்கலாம். மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவையுங்கள். தீனி போட்ட ஆறு மணி நேரத்துக்குள் இருமடங்காவது மூன்று நாள் தொடர்ந்தால், கள் வாசமும் மோர்ப் புளிப்பும் கலந்து வந்தால், ரொட்டிக்கு மாவு பிசையலாம்.

மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நின்றால் அது பசி, பயம் வேண்டாம். இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சுக் கோடு, பஞ்சு போன்ற பூஞ்சை தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டுங்கள். மேலாக வழித்தெடுத்தால் போதாது, பூஞ்சையின் இழை உள்ளேயும் ஓடியிருக்கும். முதல் வாரம் எடுத்துவிடும் மாவைத் தோசைக்குக் கலக்காதீர்கள், பச்சையாக நாக்கில் வைத்தும் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. "சவர்டோவில் குளூட்டன் கிடையாதாமே" என்று, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோயுள்ள பேத்திக்காக ஒரு பாட்டி கற்க வந்தார். புளித்தாலும் அது கோதுமைதான். குளூட்டன் முழுதாகப் போய்விடாது. அவருக்கு ரொட்டி வகுப்பை விட்டுவிட்டு ஆப்பத்துக்கு மாவு அரைக்கச் சொன்னேன்.