மாப்பிள்ளை பெயரில் ஒரு கேடயம்

பொதியைப் பிரித்தால் உள்ளே கண்ணாடி போட்ட சட்டம். வெள்ளைக் கேடயம், அதன் குறுக்கே கூரை வடிவில் ஒரு கறுப்புப் பட்டை, மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக நீலமும் வெள்ளையும் அலையலையாக ஓடும் மூன்று வட்டங்கள். அடியில் தங்க எழுத்தில் 'சைக்ஸ்'.

"தம்பி, இது மாப்பிள்ளை வீட்டுப் பரம்பரைச் சின்னம். கல்யாணத்துக்குக் குடுக்கலாம்னு ஆன்லைன்ல வாங்கினேன். சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார் பெண்ணின் அப்பா.

இங்கிலாந்தின் யார்க்‌ஷரில் குடும்ப வரலாறு தேடிக் கொடுப்பது என் தொழில். ஆங்கிலேயக் குடும்பங்களில் சம்பந்தம் செய்த தமிழ்ப் பெற்றோரும் இப்போது என்னிடம் வருகிறார்கள். ஆசையாகச் செலவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். இந்தக் கதையை மாப்பிள்ளையின் அனுமதியோடு, ஊரையும் ஆண்டையும் கொஞ்சம் மாற்றி எழுதுகிறேன்.

சட்டம் அழகாகவே இருந்தது. சின்னமும் போலி இல்லை. வேறொரு வீட்டுக்குச் சொந்தமானது, அவ்வளவுதான். கிழக்கு யார்க்‌ஷரில் ஸ்லெட்மியர் என்று ஒரு பெரிய மாளிகை உண்டு. 1783-இல் பேரனட் என்ற பரம்பரைப் பட்டம் வாங்கிய சைக்ஸ் குடும்பத்தின் வீடு அது. 1916-இல் பிரெஞ்சுக்காரர் பிக்கோவோடு உட்கார்ந்து மத்தியக் கிழக்கின் வரைபடத்தில் கோடு கிழித்த மார்க் சைக்ஸ் இந்த வீட்டுப் பிள்ளை. கேடயத்தில் இருப்பது அவர்களுடைய சின்னம். நம் மாப்பிள்ளையின் முன்னோர் ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மேற்கே, கோல்ன் பள்ளத்தாக்கில் கம்பளி நெய்தவர்கள். இரண்டு குடும்பங்களையும் இணைக்கும் ஒரு தாளும் எனக்குக் கிடைக்கவில்லை.

இங்கிலாந்தில் கேடயச் சின்னம் ஒரு ஆளுக்குக் கொடுக்கப்படுவது. அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு மட்டுமே அது இறங்கும். ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது என்று, 1484 முதல் இந்த விஷயங்களைக் கவனித்துவரும் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் வெளிப்படையாகவே சொல்கிறது. பெயரைத் தட்டினால் சின்னம் தரும் கடைகள், அந்தப் பெயரில் யாரோ ஒருவருக்கு எப்போதோ கிடைத்ததை எடுத்து எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுக்கின்றன.

பெயர் எங்கிருந்து வந்தது என்பது அந்தச் சின்னத்திலேயே இருக்கிறது. 'சைக்' என்றால் வடக்கு இங்கிலாந்துப் பேச்சில் சிற்றோடை. பெரும்பாலும் ஒருவர் நிலத்துக்கும் அடுத்தவர் நிலத்துக்கும் எல்லையாக ஓடும் வாய்க்கால். சின்னம் வரைகிறவர்கள் அந்த அலை வட்டத்தையும் 'சைக்' என்றே அழைப்பார்கள். பெயரை வைத்து ஒரு சிலேடை!

1066-இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகுதான் பரம்பரையாக இறங்கும் பெயர்கள் இங்கே வேர்பிடித்தன. முதலில் நிலப்பிரபுக்கள், பிறகு தெற்கு, கடைசியில் வடக்கு. மேற்கு யார்க்‌ஷரின் 1379 தலைவரிப் பட்டியலைப் பிரித்தால் அந்த மாற்றம் நடந்துகொண்டிருப்பதையே பார்க்கலாம். ஏழைத் தம்பதிக்கு நான்கு பென்னி வரி. கட்டியவர் பெயருக்குப் பின்னால் அப்பன் பெயரோ, தொழிலோ, 'டெல் சைக்' என்பது போல வீடு இருந்த இடமோ வரும். 'ஓடைக்கரைக்காரர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடை இல்லாத ஊர் ஏது? ஒரே பெயர் பல இடங்களில் தனித்தனியாக முளைத்திருக்கலாம்.

கோல்ன் பள்ளத்தாக்கில் அது அடர்ந்து போனதற்குக் காரணம் நெசவு. மேட்டு நிலத்தில் விவசாயம் சோறு போடாவிட்டாலும் தறி போட்டது. ஊரைவிட்டுப் போக வேண்டிய அவசியம் குறைந்தது. ஒரு கட்டத்தில் சைக்ஸ் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பும் நிலை. அதனால் 'டாம் ஓ ஜாக்ஸ்', அதாவது ஜாக்கின் டாம், என்று அப்பன் பெயரைச் சேர்த்தே அழைத்தார்கள். இனிஷியல் போடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, டி.என்.ஏ. சொல்லிவிடாதா? ஆக்ஸ்ஃபோர்டு மரபணு விஞ்ஞானி பிரயன் சைக்ஸ் தன் பெயரை வைத்தே இதைச் சோதித்தார். அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை சைக்ஸ் ஆண்கள் 48 பேரிடம் பார்த்து, 2000-இல் முடிவை வெளியிட்டார். 21 பேருக்கு ஒரே மாதிரி இருந்தது. ஆகவே எல்லோருக்கும் ஒரே மூதாதை என்றார். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு. அவர் ஒப்பிட்டுப் பார்த்தது அந்தக் குரோமோசோமில் நான்கு இடங்களை, அதாவது குறிகளை, மட்டும். இன்றைய பரிசோதனைகள் 37, 111 என்று பார்க்கின்றன. தவிர, பெண் பிள்ளைகள் மட்டும் பிறந்த கிளைகளின் பெயர் அங்கேயே நின்றுவிடும், மிஞ்சிய ஒரு கிளை பெருத்து ஊரையே நிறைக்கும். எது எப்படியோ, மீதி 27 பேரும் சைக்ஸ்தான். 2007-இல் லெஸ்டர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு இதைவிட அழகு. யார்க்‌ஷரின் ஓர் அரிய பெயரைக் கொண்ட 18 ஆண்களில் 7 பேருக்கு மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஒய் குரோமோசோம். பார்வைக்கு எல்லோரும் வெள்ளையர்!

மாப்பிள்ளை வீட்டுக்கு வருவோம். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழை வரவழைத்தேன். 1890-களின் கடைசி. தாய் பெயர், சைக்ஸ். தொழில், கம்பளி நெசவு. தகப்பன் பெயர் எழுதவேண்டிய கட்டத்தில் பேனாவால் இழுத்த ஒரு கோடு. 1875 முதல், திருமணமாகாத தாயின் குழந்தை என்றால் தகப்பனும் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் அவன் பெயரை எழுத முடியும். அவன் வரவில்லை. 1901 மக்கள்தொகைக் கணக்கில் அந்தக் குழந்தை தாத்தா பாட்டிக்கு 'மகன்' என்று இருக்கிறது. 1911-இல் படிவத்தை வீட்டுக்காரரே நிரப்பினார். தாத்தா தன் கையெழுத்தில் 'பேரன்' என்று எழுதிவிட்டார்.

சைக்ஸ் ரத்தம் மாப்பிள்ளைக்கு உண்டு, ஒரு நெசவுக்காரப் பெண் வழியாக. ஒய் குரோமோசோம் வந்தது அந்தக் கோட்டிலிருந்து.

ஆகவே, சம்பந்தி வீட்டுக்கு ஏதாவது செய்ய ஆசைப்பட்டால் முதலில் சான்றிதழ்களில் தொடங்குங்கள். 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் உண்டு. 1841 முதல் கணக்கெடுப்பில் பெயர்கள் உண்டு. அதற்கு முன்னால் 1538 வரை தேவாலயப் பதிவேடுகள். ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போகவேண்டும். 1379-இல் ஒரு சைக்கைக் கண்டுபிடித்து அங்கிருந்து இறங்கி வரக்கூடாது. டி.என்.ஏ. பரிசோதனைப் பெட்டியைப் பரிசாகக் கொடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். உயிரோடு இருக்கும் ஒரு அம்மாவின் ரகசியம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையில் உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

விஷயத்தைச் சொன்னதும் மாமனார் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "கடையில திருப்பி எடுத்துக்குவாங்களா தம்பி?" என்று கேட்டார். கெடு முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கோ சான்றிதழ்தான் பிடித்துப்போயிற்று. அதை ஃபிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். கேடயம் கீழ்த்தளக் கழிவறையில் தொங்குகிறது. இந்த ஊரில் பட்டச் சான்றிதழையே அங்கே மாட்டுகிறவர்கள் உண்டு, அவமதிப்பாக நினைக்க வேண்டாம். மாமனார் வரும் நாளில் மட்டும் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும்.