ரசம் சிந்தினால் எந்த மார்பிள் தாங்கும்?

சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் மார்பிளை நிறத்தையும் ரேகையையும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். பளபளக்கும் பாலிஷா, மங்கலான மேட்டா என்பது மேஸ்திரி கேட்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

மார்பிளின் பளபளப்பு மேலே தடவிய பூச்சு அல்ல. வைரத்தூள் பதித்த பேடுகளால் கரடானதில் தொடங்கி, பேடின் நம்பர் ஏற ஏற (நம்பர் கூடினால் தூள் நைசு), கல்லையே நைசாகத் தேய்க்கிறார்கள். எஞ்சும் கீறல்கள் ஒளியின் அலைநீளத்தை (0.4 முதல் 0.7 மைக்ரான்) விடச் சிறியதாகும்போது வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது, கல்லில் முகம் தெரிகிறது. 400 நம்பர் வாக்கில் நிறுத்தினால் அதுதான் ஹோன்ட் எனப்படும் மேட் ஃபினிஷ். வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் நிறம் கொஞ்சம் வெளிறித் தெரியும்.

இப்போது சாப்பாட்டு மேஜைக்கு வருவோம். மார்பிள் பெரும்பாலும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். ரசத்தில் இருக்கும் புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அதை அரித்து, கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றுகின்றன. துடைத்த பிறகு நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் டம்ளர் அடியின் அளவுக்கு ஒரு மங்கல் வட்டம். அது கறை அல்ல, பாலிஷ் போன இடம். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. சீலர் அடித்தால் போதும் என்பார்கள். சீலர் நுண்துளைகளை அடைத்து எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அமில அரிப்பைத் தடுக்காது.

ஹோன்ட் கல்லும் அரிக்கும். ஆனால் ஏற்கெனவே மங்கலாக இருப்பதால் அது அவ்வளவாகக் கண்ணில் படாது. அதனால் சமையலறைக்கும் சாப்பிடும் இடத்துக்கும் என் ஓட்டு ஹோன்டுக்கே. எண்ணெயைச் சற்று வேகமாக உறிஞ்சும் என்பதால் அங்கே சீலர் அவசியம்.

வாசலில் வேறு பிரச்சினை. செருப்போடு வரும் மணலில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் (எது எதைக் கீறும் என்று காட்டும் 1 முதல் 10 வரையிலான அளவுகோல்) 7, கால்சைட்டுக்கு 3. பாலிஷ் வாசல் சீக்கிரமே கீறல் விழுந்து பொலிவு இழக்கும். (நம்ம பல்லாவரம் மலையின் சார்னோகைட் என்ற கருங்கல்லுக்கு இந்தக் கவலை குறைவு. அதில் குவார்ட்ஸே கலந்திருக்கிறது.) குளியலறைத் தரைக்கு பாலிஷ் வேண்டவே வேண்டாம், ஈரக் கால் வழுக்கும். பூஜை அறைச் சுவருக்குத் தாராளமாகப் போடலாம்.

அப்புறம், வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இங்கே உண்டு. டைல்ஸுக்குச் சரி. மார்பிளில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அரிக்கும், மறுபடி பாலிஷ் மெஷினைத்தான் கூப்பிட வேண்டும்.