வீட்டோடு சேர்ந்து எதெல்லாம் வரும்?

வீடு வாங்கப் போகிறவர்கள் ஒப்பந்தத்தை எங்களிடம் காட்டும்போது விலையைப் பற்றியும் தேதியைப் பற்றியும்தான் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: சுவரில் இருக்கும் கண்ணாடி யாருக்கு? பிரெஞ்சு, ஜெர்மன் சட்ட மரபில் வரும் நாடுகளில் இந்தக் கேள்விக்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு சிவில் சட்டம், 516ஆம் பிரிவிலேயே சொத்தை இரண்டாகப் பிரித்துவிடுகிறது: அசையும் சொத்து, அசையாச் சொத்து. நிலமும் கட்டடமும் அசையாதவை, சரி. வயலில் நிற்கும் கதிரும் அப்படித்தான். அறுத்துவிட்டால், வயலிலேயே கிடந்தாலும் அது அசையும் பொருள். பாதிதான் அறுத்திருந்தால் அந்தப் பாதி மட்டும்.

சிக்கல் இதற்கப்புறம்தான். உரிமையாளர் தன் நிலத்தில் தொழில் நடத்தவே வைத்த இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது அசையாச் சொத்து. நிலத்தை அடமானம் வைத்தால் அதுவும் சேர்ந்தே போகும். காரையிலோ சிமெண்டிலோ பதித்த பொருளுக்கும் இதே கதிதான். சிலைக்கென்றே மாடம் கட்டி அதில் வைத்திருந்தால், உடையாமல் எடுக்க முடிந்தாலும் சிலை வீட்டைச் சேர்ந்தது. ஆனால் நிலமும் பொருளும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். குத்தகைக்காரர் தன் பணத்தில் வாங்கி வைத்த இயந்திரம் இந்தக் கணக்கில் வராது. இதை எழுத்தில் காட்ட முடியாமல் குத்தகைக்காரர்கள் திண்டாடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

1900இல் நடைமுறைக்கு வந்த ஜெர்மன் சட்டம் வேறு வழியில் போகிறது. அங்கே அப்படிப்பட்ட இயந்திரம் துணைப்பொருள். அசையும் பொருளாகவே இருக்கும். ஆனாலும் நிலத்தை விற்கும்போது, வேறு மாதிரி எழுதாவிட்டால், அதுவும் விற்பனையில் அடக்கம் என்றே கொள்வார்கள்.

எந்த வகை என்பதைப் பொறுத்து உரிமையை நிரூபிக்கும் விதமும் மாறும். பிரான்சில் அசையும் பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கிக் கைவசம் வைத்திருப்பதே பத்திரத்துக்குச் சமம். திருட்டுப்போன பொருளானால், சொந்தக்காரர் மூன்று ஆண்டுக்குள் திரும்பக் கேட்கலாம். நிலத்துக்கு இப்படிக் கைவசம் வைத்திருப்பது எடுபடாது. நோட்டரி முன் எழுதி, பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

ஆகவே கையெழுத்துக்கு முன் அறை அறையாக நடந்து ஒரு பட்டியல் எழுதுங்கள். கண்ணாடி, கொதிகலன், தோட்டத்துச் சிலை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே "விற்பனையில் உண்டு", "இல்லை" என்று குறியுங்கள். இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். குத்தகைக்குப் போகிறவர்கள் இயந்திரம் வாங்கிய ரசீதைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்; அது தங்களுடையது என்று குத்தகைப் பத்திரத்திலும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.