வைராக்கியம்: விடுவதா, விடாப்பிடியா?

"செத்தாலும் அவன் வாசல்படி மிதிக்கமாட்டேன்னு வைராக்கியமா இருக்கார்." பங்காளிச் சண்டையோ வரப்புத் தகராறோ, பிடித்த பிடியை விடாமல் இருப்பதற்கு நம் பேச்சில் வைராக்கியம் என்று பேர். சொல் பிறந்த இடத்தில் பொருள் இதற்கு நேர் எதிர்.

வடமொழியில் 'ரஞ்ஜ்' என்ற வேருக்குச் சாயம் ஏறுதல் என்று பொருள். அதிலிருந்து வந்த ராகம் நிறத்தையும் குறிக்கும், மனம் ஒன்றில் தோய்ந்து கிடப்பதையும் குறிக்கும். பாட்டு ராகமும் இதே சொல்தான். அந்தத் தோய்வு நீங்கினால் விராகம். விராகத்தின் தன்மை வைராக்கியம். மனத்தின் அலைச்சல் அடங்கப் பயிற்சியும் வைராக்கியமும் வேண்டும் என்கிறது பதஞ்சலியின் யோக சூத்திரம் (1.12). கீதையின் 6ஆம் அத்தியாயத்திலும் இதே ஜோடி வருகிறது.

அப்புறம் எப்படித் தலைகீழானது? ஆசைக்கு அசையாதவரிடம் வெளியே தெரிவது அவருடைய உறுதி. அந்த உறுதி மட்டும் சொல்லில் தங்கி, எதை விட்டார் என்பது உதிர்ந்துவிட்டது. 'வைரம் பாய்ந்த கட்டை' என்கிறோமே, அந்த வைரத்தின் ஓசையும் கொஞ்சம் துணை செய்திருக்கலாம். இது என் ஊகம். தமிழ் பைபிளில் யோவான் 2:17இல் 'பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது' என்று வரும். அங்கே அது பற்றி எரியும் ஆர்வம்! பழைய பொருள் பிழைத்திருப்பது மயான வைராக்கியம், பிரசவ வைராக்கியம் போன்ற வழக்குகளில்தான். சுடுகாட்டில் 'என்னத்தைக் கொண்டுபோகப் போறோம்' என்று தோன்றி, வீடு வந்து குளித்ததும் போய்விடுகிறதே, அது.

இதன் உடன்பிறப்பான விரக்தியும் தடம் மாறியது. அதற்கும் பற்று நீங்குதலே பொருள். இன்று சலித்து வெறுத்துப்போன நிலையைச் சொல்கிறோம். ஒன்று பிடிவாதமாகவும் மற்றது மனக்கசப்பாகவும் ஆனபின், அமைதியாக விடுவதற்கு இரண்டுமே உதவாது.

தமிழில் அதற்குப் பற்றின்மை, பற்றறுத்தல் என்ற சொற்கள் இருக்கின்றன. பற்று என்றால் ஒட்டிக்கொள்வது. சோறு காய்ந்து ஒட்டிய பற்றுப் பாத்திரத்தைத்தான் 'பத்துப் பாத்திரம்' என்று தேய்க்கிறோம், எண்ணிக்கை பத்து அல்ல. தலைவலிக்குச் சுக்கை இழைத்துப் போடுவதும் பற்றுதான். 'அற்றது பற்றெனில் உற்றது வீடு உயிர்' என்று திருவாய்மொழியில் (1.2.5) நம்மாழ்வார் பாடுகிறார். முக்தியைக் குறிக்கும் வீடு என்ற சொல்லே 'விடு' என்பதிலிருந்து வந்தது.

இதெல்லாம் காவி கட்டியவர்களுக்கு, நமக்கெதற்கு என்று கேட்கலாம். வள்ளுவரின் துறவு அதிகாரமே அப்படித் தொடங்கவில்லை.

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன். (341)

எது எதிலிருந்து ஒருவன் விலகுகிறானோ, அது அதனால் வரும் நோவு அவனுக்கு இல்லை. அந்த அடுக்குத்தொடரில்தான் விஷயமே இருக்கிறது. எல்லாவற்றையும் ஒருசேர விடுவது சிறப்பு, ஒவ்வொன்றாக விட்டாலும் அததனால் வரும் துன்பம் இல்லை என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். சொத்தை விட முடியாதவர் சொத்துக்காகத் தம்பியோடு போட்ட வழக்கை விடலாம். வழக்கையும் விட முடியவில்லையா? சரி, அதை நினைத்து ராத்திரி புரள்வதையாவது விடலாம்.

எழுதும்போது நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்: நிலைக்குப் பற்றின்மை, செயலுக்குப் பற்றறுத்தல், பேச்சு நடைக்குப் பற்று விடுதல். வாசல்படி மிதிக்காதவருக்கு விடாப்பிடி. ஒருவர் சாராயத்தை விட்டுவிட்டு உறுதியாக நிற்கிறார் என்றால் மட்டும் வைராக்கியத்தையே வைத்துக்கொள்வேன். விட்டதும் பிடித்ததும் அங்கே ஒன்றாக இருக்கின்றன.